பத்து வருடம் கஞ்சா பிடித்தால் உடம்பு என்ன ஆகும்?

சென்னை பட்டினப்பாக்கத்தில் கஞ்சா என்று பேச்செடுத்தால் இரண்டு குரல்கள் எழும். ‘அதை அடிச்சா பைத்தியம்தான் புடிக்கும்’ என்பது அம்மாக்களின் குரல். ‘சிகரெட்டைவிட எவ்வளவோ தேவலம்மா, மூலிகைதானே’ என்பது பிள்ளைகளின் பதில். சீனிவாசபுரத்துக் குடியிருப்பிலும் இதே வாக்குவாதம்தான், அடையாற்றில் ஐ.டி. ஊழியர்கள் தங்கும் வாடகை வீட்டிலும் இதே வாக்குவாதம்தான். இதில் யார் சொல்வது சரி? இருவரிடமும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, எந்த வயதில் தொடங்கினார், எவ்வளவு பிடிக்கிறார், எத்தனை வருடமாகப் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்தது.

130 வருடத்து வழக்கு

இந்த வாக்குவாதத்தைத் தீர்க்க 1893-லேயே ஒரு விசாரணைக் குழு போடப்பட்டது. இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் என்ற அந்தக் குழு, சென்னை மாகாணம் உட்பட நாடெங்கும் 1,193 சாட்சிகளை விசாரித்தது. மனநோய் விடுதிகளின் பதிவேடுகளையும் புரட்டிப் பார்த்தது. 1892-ல் சேர்க்கப்பட்ட 1,344 பேரில் 222 பேருக்குக் கஞ்சா வகையறாவே காரணம் என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவரின் கதையையும் துருவி விசாரித்தபோது அது 98 ஆகக் குறைந்தது. அதிலும் வேறு காரணம் எதுவும் கலக்காமல் கஞ்சாவால் மட்டுமே என்று சொல்லத்தக்கவர்கள் 61 பேர்தான். நோய்க்குக் காரணம் தெரியாத இடத்தில் ‘கஞ்சா’ என்று எழுதிவைப்பது அப்போது சுலபமான வழியாக இருந்திருக்கிறது.

அளவாகப் பயன்படுத்துவோருக்குப் பெரிய கேடில்லை என்று ஆணையம் சொன்னதைக் கஞ்சா ஆதரவாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். அளவு மீறினால், அதுவும் பரம்பரையாக மனநோய்க்கு இடமுள்ளவர்களுக்கு, புத்தி பேதலிக்கலாம் என்று அதே அறிக்கை சொன்னதை விட்டுவிடுவார்கள். பிற்கால ஆய்வுகள் இந்த இரண்டாவது பாதியைத்தான் மேலும் உறுதிப்படுத்தின.

மூளையில் நடப்பது

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற வேதிப்பொருள். 1964-ல் இஸ்ரேல் விஞ்ஞானி ரஃபேல் மெக்கூலமும் அவரது சகாவும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அது போய் ஒட்டும் ஏற்பிகள் மூளையில் இருப்பது 1988-ல் தெரிந்தது. நம் மூளை தானே சுரக்கும் ஒரு பொருளுக்காக அமைந்தவை அவை. நினைவு, பசி, பயம், தூக்கம் ஆகியவற்றைச் சீராக வைத்திருப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. மூளை தேவையான இடத்தில் துளித்துளியாகச் சுரப்பதை, புகை மூளை முழுக்க ஒரே நேரத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது.

தினமும் கொட்டினால் மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறது. முதலில் ஒரு பொட்டலம் போதுமாக இருந்தவருக்கு இப்போது இரண்டு தேவைப்படுவது இதனால்தான். நல்ல செய்தியும் உண்டு. தினமும் புகைத்தவர்களின் மூளையைப் படமெடுத்த ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. சுமார் நான்கு வாரம் விட்டிருந்ததும் குறைந்த ஏற்பிகள் ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன.

ஆனால் தொடங்கிய வயது முக்கியம். மூளையின் வளர்ச்சி இருபதுகளின் நடுப்பகுதிவரை முடிவதில்லை. ஸ்வீடனில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா பிடித்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு கஞ்சா பிடிக்காதவர்களைப்போல ஆறு மடங்காக இருந்தது. இதைப் படித்துப் பதறவும் வேண்டாம். மனச்சிதைவு பொதுவாக நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வரும் நோய். பிடிப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. ஆனால் குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் கஞ்சாவின் பக்கமே போகக் கூடாது.

சரக்கின் வீரியமும் மாறிவிட்டது. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995-ல் சுமார் 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி., இருபது ஆண்டுகளில் 12 சதவீதத்தை எட்டியது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் பிடிப்பவர்களுக்கு மனநிலை பிறழும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. மண்ணில்லாமல் நீரில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக் கஞ்சா பாங்காக்கிலிருந்து வந்து சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுகிறது. தாத்தா காலத்துக் கஞ்சாவை வைத்து இதை எடைபோட முடியாது.

நெஞ்சு, ஈறு, வயிறு

எந்த இலையைக் கொளுத்தினாலும் புகையில் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். கஞ்சாப் புகையை ஆழமாக இழுத்து உள்ளேயே நிறுத்துவதால், ஒரு சிகரெட்டைவிட மூன்று மடங்கு தார் உள்ளே போவதாக 1988-ல் அமெரிக்காவில் அளந்து சொன்னார்கள். நாள்பட்ட இருமலும் சளியும் வரக்கூடும். நுரையீரல் புற்றுநோயோடு உள்ள தொடர்பு மட்டும் இன்னும் தெளிவாக நிரூபணமாகவில்லை. நம் ஊரில் பலர் சிகரெட்டுத் தூளோடு கலந்தே அடிப்பதால் நிகோடின் அடிமைத்தனமும் சேர்ந்தே வருகிறது. ‘சிகரெட்டைவிட தேவலை’ என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப்போகிறது.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரை இன்றுவரை கண்காணித்து வருகிறார்கள். இருபது வருடம்வரை கஞ்சா பிடித்தவர்களுக்கு 38 வயதில் பல்லீறு கெட்டுப்போயிருந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை தொடர்பான அளவுகளில் அப்படிக் கேடு தெரியவில்லை.

இன்னொரு விசித்திரமான கோளாறு, விடாத வாந்தி. பல வருடம் பிடித்தவர்களில் சிலருக்கு இது வருகிறது. வெந்நீரில் குளித்தால் மட்டும் அடங்குவதால் நாளைக்குப் பல தடவை குளிப்பார்கள். 2004-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதை இனங்கண்டார்கள். கஞ்சாவை விட்டால்தான் இது தீரும்.

வாழ்க்கை தேயும் விதம்

பிடிப்பவர்களில் சுமார் பத்தில் ஒருவர் அடிமையாகிறார். விடலைப் பருவத்தில் தொடங்கினால் ஆறில் ஒருவர். விட்ட முதல் வாரம் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, கலவரமான கனவுகள் என்று படுத்தும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் தணியும். ‘இது இல்லாட்டி தூக்கமே வராது’ என்பவர்களில் பலரும் உண்மையில் அனுபவிப்பது விட்டதால் வரும் தொல்லையைத்தான்.

டுனெடின் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வருடக்கணக்காக அடிக்கடி பிடித்தவர்கள், தங்கள் பெற்றோரைவிடத் தாழ்ந்த வேலையிலும் பணமுடையிலும் போய் நின்றார்கள். பெரிய விபத்தோ நோயோ இல்லாமல், தள்ளிப்போட்ட தேர்வு, விட்டுப்போன வேலை என்று வாழ்க்கை தேய்ந்திருந்தது.

இந்தியாவில் 2019-ல் எய்ம்ஸ் வெளியிட்ட கணக்கின்படி கஞ்சா, பாங்கு போன்றவற்றைப் பயன்படுத்துவோர் சுமார் 3.1 கோடி. அவர்களில் உதவி தேவைப்படுவோர் சுமார் 72 லட்சம். போலீஸ் வேட்டையால் மட்டும் இத்தனை பேரைக் குணமாக்கிவிட முடியாது.

எங்கே போவது?

போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தர சாந்தி ரங்கநாதன் 1980-ல் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் இருக்கிறது. பட்டினப்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கும் போகலாம். 14446 என்ற தேசிய உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது. போனால் கேஸ் போட்டுவிடுவார்களோ என்ற பயம் பலரைத் தடுக்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெறும் அடிமைகளுக்கு, பயன்படுத்தியதற்காகவும் சிறு அளவு வைத்திருந்ததற்காகவும் வழக்குத் தொடுப்பதிலிருந்து விலக்குத் தருகிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: ‘பைத்தியம் பிடிக்கும்’ என்று மிரட்டாதீர்கள். நண்பன் ஒருவன் நன்றாக இருப்பதைப் பார்த்ததும் பிள்ளை உங்கள் பேச்சு மொத்தத்தையும் தள்ளிவிடுவான். இருபத்தைந்து வயதுக்குள் தொடங்குவதும், தினமும் பிடிப்பதும்தான் பெரிய ஆபத்து என்ற உண்மையைச் சொல்லுங்கள். ஏற்கெனவே தொடங்கியிருந்தால், விட்டால் தேறலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.