தன்னந்தனியே ஒரு கூட்டம்

‘வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது’ என்பது முதுமையைக் குறித்து நம் பெரியோர் சொன்ன பழமொழி. இக்காலத்திலோ காட்டை நாடி நாம் புறப்படவேண்டிய சிரமமும் இல்லை. அது தானாகவே வந்து தொலைக்காட்சிப் பெட்டிக்குள் குடியேறிவிட்டது. சாய்மனைக் கதிரையில் கால் நீட்டியபடி பாலைவனத்தைக் கடக்கிறோம். தேநீர் அருந்திக்கொண்டே பனிமலையில் உறைந்துபோகிறோம்.

இத்துறையில் பெருங்கீர்த்தி பெற்றவர் பிரித்தானியரான பெயார் கிறில்ஸ். 2006ஆம் ஆண்டில் தொடங்கிய அவருடைய நிகழ்ச்சியை ஆராயப் புகுந்தால், அகப்பாடல்களைப் போல அதற்கும் வரையறுத்த துறைகள் உண்டு என்பது புலனாகும். முதலாவது, வானூர்தியிலிருந்து குதித்தல். அடுத்தது, ஆற்றுநீரில் வேண்டுமென்றே நனைதல். பின்னர் புழு பூச்சிகளைப் பச்சையாக மெல்லுதல். தாகம் முற்றினால் தம் சிறுநீரையே பருகுதல். ஈற்றில் மீட்சி காணல். மாணவர் நெட்டுருப் பண்ணத்தக்க ஐந்து துறைகள்!

எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம். ஆளரவமற்ற காட்டில், செங்குத்தான பாறையில் இவர் மூச்சிரைக்க ஏறி வருகிறார். நாமோ அவர் முகத்தைப் பாறையின் உச்சியிலிருந்து காண்கிறோம். அப்படியாயின், கமராவையும் சுமந்துகொண்டு அவருக்கு முன்பே அங்கு ஏறி நின்ற புண்ணியவான் யார்? அவர் புழுத் தின்றாரா, சோறு உண்டாரா? காவியம் பாடுவதாயின் அவரையல்லவா பாடவேண்டும்!

2007இல் இவ்வையம் ஓரளவு தீர்ந்தது. நிகழ்ச்சிக்கு ஆலோசகராயிருந்த ஒருவர் பத்திரிகைக்குச் சில செய்திகளை வெளியிட்டார். கலிபோர்னிய மலைப்பகுதியில் படமெடுத்தபோது நாயகர் சில இரவுகளை விடுதியில் கழித்தாராம். காட்டுக் குதிரைகளாகக் காட்டப்பட்டவை மனிதரிடம் பழகிய சாதுக்களாம். தெப்பமொன்றைப் பிறர் முன்னரே கட்டி, அவர் மீண்டும் கட்டுவதற்காக அவிழ்த்து வைத்தனராம். நாயகர் வருத்தம் தெரிவித்தார். நிகழ்ச்சியிலும் விளக்க அறிவிப்பொன்று சேர்ந்தது.

எல்லாரும் இவ்வாறல்லர் என்பதையும் சொல்லவேண்டும். கனடா நாட்டவரான லெஸ் ஸ்ட்ரவுட் தம் கமராக்களைத் தாமே சுமந்து சென்றார். குன்றில் ஏறும் காட்சி வேண்டுமாயின், கமராவை நிறுத்திவிட்டு ஏறுவார். பின் இறங்கி வந்து அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏறுவார். பட்டினியோடு இரட்டை நடை!

வேடிக்கை இவ்வளவில் முடிந்தால் நன்று. ஆனால் இளைஞர் இதனைப் பாடமென நம்பினால் என்னாகும்? அமெரிக்க இராணுவத்தின் கைந்நூல், பருகத்தகாதவற்றின் பட்டியலில் சிறுநீரையும் சேர்த்திருக்கிறது. குளிர்நாட்டில் உடலை நனைப்பவன் வெப்பத்தை இழக்கிறான். வழி தவறியவனுக்கு அறிந்தோர் கூறும் அறிவுரை, ஓரிடத்தில் அமர்ந்து வலிமையைச் சேமித்து உதவிக்குக் காத்திரு என்பதே. அமர்ந்திருப்பவனை எந்தத் தொலைக்காட்சி காட்டும்?

நம் தீவின் காட்டையே கடந்து தப்பிய றொபேட் நொக்ஸ் இங்கு நினைவுக்கு வருகிறார். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிருந்தவர். வணிகராய்த் திரிந்து வழிகளைப் பல காலம் ஆராய்ந்த பின்னரே, 1679இல் ஒரு தோழரோடு புறப்பட்டார். சமைக்க ஒரு பாத்திரம், நீருக்குச் சுரைக்குடுவைகள், கூடாரமாக விரிக்கத் தாளிப்பனை ஓலை, சர்க்கரைக்கட்டி, வெற்றிலை, முள் தைக்காதிருக்கச் செருப்புச் செய்ய மான்தோல், ஒன்று பழுதானாலும் மற்றது உதவுமென்று இரண்டு மூன்று தீமூட்டும் பெட்டிகள்! அருவியாற்றின் ஓரமாகவே ஒளிந்து நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

இவரை இன்று எந்த நிறுவனமும் ஒப்பந்தம் செய்யாது. வீணே குதிக்கவில்லை; புழுத் தேடி அலையவுமில்லை. 1681இல் தம் நூலை வெளியிட அவர் உயிரோடிருந்ததற்கு அதுவே காரணம்போலும்.