நீலகிரிப் புல்வெளியின் தொன்மையும் ‘தரிசு’ என்னும் சொல்லும்

ஒரு நிலப்பகுதியின் பழைய நிலையை அறிய ஆவணங்கள் சில நூற்றாண்டுகள் வரையே துணைசெய்யும். அதற்கு முற்பட்ட காலத்திற்கு நிலமே சான்றாகும். அச்சான்று வழக்கிலுள்ள சொல்லொன்றின் பொருத்தத்தையும் ஆராயத் தூண்டும் என்பதற்கு நீலகிரியின் உயர்மலைப் புல்வெளி தக்க எடுத்துக்காட்டாகும்.

இங்கு மலைமடிப்புகளில் குட்டையான பசுமைமாறாக் காடுகளும் அவற்றைச் சூழ்ந்த சரிவுகளில் புல்வெளிகளும் அமைந்துள்ளன. அக்காட்டைக் குறிக்கும் ‘சோலை’ என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்திற் புகுந்து சூழலியல் கலைச்சொல்லாக நிலைபெற்றது. புல்வெளிக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. தோடர்தம் எருமைகளுக்கு மேய்ச்சல் நிலமாக விளங்கிய போதிலும், அது பயனற்ற நிலமாகக் கருதப்பட்டு, 19ஆம் நூற்றாண்டு முதல் அதன் பெரும்பரப்பில் சீகை, தைலமரம் முதலான அயல்மரங்கள் நடப்பட்டன. காடழிந்தமையால் தோன்றியதே புல்வெளி என்னும் கருத்தும் நிலவியது.

இக்கருத்தைச் சோதிக்க உதவுவன பள்ளத்தாக்குகளிலுள்ள சதுப்புகள். நீர் தேங்கிய இடத்தில் உயிர்வளி குறைவாதலின் தாவர எச்சங்கள் முற்றிலும் மட்குவதில்லை. அடுக்கடுக்காகப் படிந்து ‘பீட்’ எனப்படும் கரிமண்ணாகின்றன. உழவாலும் ஓடையாலும் கலைவுறாத இடத்தைத் தெரிந்து, மேலடுக்கு கீழடுக்குடன் கலவாதவாறு மண்ணெடுத்து, ஒவ்வொரு கூறின் ஆழத்தையும் பதிவுசெய்தல் களப்பணியின் முதற்கடமை. இதில் நேரும் பிழையை ஆய்வகம் திருத்த இயலாது. அடுக்குகளின் காலம் கதிரியக்கக் கார்பன் முறையால் கணிக்கப்படும்.

புற்களின் மகரந்தத்தூள் பெரிதும் ஒத்த தோற்றமுடையது. அதைக்கொண்டு புல்லினங்களைப் பிரித்தறிதல் அரிது. எனவே கார்பன் ஐசோடோப்பு ஆய்வு வேண்டப்படுகிறது. மரங்கள் ஏறத்தாழ அனைத்தும் சி3 வகை ஒளிச்சேர்க்கையையும், வெப்பமண்டலப் புற்களுட் பல சி4 வகையையும் மேற்கொள்வன. சி4 தாவரங்களில் கார்பன்-13இன் விகிதம் சற்று மிகுதி. இவ்வேறுபாடு கரிமண்ணிலும் எஞ்சி நிற்கும்.

இம்முறையில் சுகுமாரும் பிறரும் நிகழ்த்திய ஆய்வு 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட வறண்ட பனியூழிக் காலத்திலேயே அங்கு சி4 புற்கள் மிக்கிருந்தமையும், பின்னர்ப் பருவமழையின் ஏற்றஇறக்கத்திற்கேற்ப இருவகைத் தாவரங்களின் விகிதம் மாறிவந்தமையும் அதனாற் புலனாயின. சி3 வகையிற் கோரைகளும் சில புற்களும் அடங்குமாதலின், அதன் பெருக்கத்தைக் காட்டின் பெருக்கமென்றே கொள்ளுதல் பொருந்தாது. தீயும் மேய்ச்சலும் பிற்காலத்தில் புல்வெளியின் எல்லையை மாற்றியிருக்கலாம். எனினும் அதன் தோற்றத்திற்குக் கோடரியே காரணம் என்பது இனி ஏற்கத்தக்கதன்று.

இம்முடிவு மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியது. ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்பன வருவாய்த்துறை வழக்குகள். அவை சாகுபடியையும் வரியையும் நோக்கி எழுந்தனவேயன்றி, நிலத்தின் இயல்பை உரைப்பன அல்ல. வருவாய் ஆவணத்தைப் பெயர்ப்போர் அவ்வழக்கைக் காத்தல் முறையே. ஆனால் சூழலியல் நூலிற் புல்வெளியைத் ‘தரிசு’ என்று பெயர்த்தால், மரம் நடுதல் மீட்பாகவும் புல் அழிதல் இழப்பன்றாகவும் தோன்றும். பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடைய புல்வெளியைப் ‘புல்வெளி’ என்றே வழங்குதல் சான்றுக்கு இயைந்ததாகும்.