தோட்டத்து ஏடும் நோட்ஸ் ஆவணமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கோலா கங்சாரில் 1877-ஆம் ஆண்டு ஒன்பது ரப்பர் கன்றுகள் ஊன்றப்பட்டபின், காலப்போக்கில் அம்மாநிலம் எங்கும் பரவிய தோட்டங்களில், விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு வந்து நின்ற தொழிலாளரின் பெயர்களைக் கிராணிமார் எனப்பட்ட எழுத்தர்கள் செக்ரோல் என்னும் வருகை ஏட்டில் குறித்துவந்தனர். கூலியைக் கணக்கிடுவதற்கென்று எழுதப்பட்ட அவ்வேடுகளில் எஞ்சியவை, பேரப்பிள்ளைகளுக்கு வம்ச சரித்திரத்தின் அத்தாட்சியாகும். அவற்றைக் கணினியில் ஏற்ற முனைவோர், தரவுத்தளத்தில் ஓர் ஆவணம் உண்டாவதும், தேடி எடுக்கப்படுவதும், சேமிக்கப்படுவதும் எங்ஙனம் என்று அறிதல் அவசியம்.

கட்டம் போட்ட அட்டவணையில் எல்லாருக்கும் ஒரே தலைப்புகள்தாம். ஆனால், ஒருவருக்குக் கப்பலேறிய நாள் தெரிந்திருக்கும். மற்றொருவருக்குத் தோட்டக் குடியிருப்பான லயத்தில் பிறந்த செய்தி மட்டுமே கிடைத்திருக்கும். இவ்வேறுபாட்டுக்கு இடங்கொடுப்பது, ஒவ்வோர் ஆவணமும் தனக்குரிய புலங்களைத் தானே தாங்கும் ஆவணத் தரவுத்தளம். அவ்வகையில் முன்னோடியான லோட்டஸ் நோட்ஸ் மென்பொருள், ரே ஆஸி என்ற நிரலாளரின் குழுவினரது முயற்சியால் 1989-இல் வெளிவந்தது. 1996-இல் லோட்டஸ்ஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி அதனுடன் சேர்ந்தது. பின்னர் ஐ.பி.எம். வசமிருந்த அம்மென்பொருள், திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்த சிவ் நாடார் தோற்றுவித்த எச்.சி.எல். நிறுவனத்துக்கு 2019-இல் உரிமையாயிற்று.

லோட்டஸ்ஸ்கிரிப்ட் நிரலில் ‘கிரியேட் டாக்குமெண்ட்’ என்று கட்டளையிட்டதும் ஆவணம் உண்டாகிறதெனினும், அப்போது அது கணினியின் நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. எந்தப் படிவத்தில் காட்டுவது என்பதை ‘ஃபார்ம்’ புலத்தில் குறித்து, பெயர், தோட்டம், வேலை முதலியவற்றை நிரப்பியபின் ‘சேவ்’ என்று ஆணையிடாவிடில், நிரல் முடிந்ததும் அத்தனையும் மறைந்துபோகும்.

சேமித்த ஆவணத்தைத் திரும்ப எடுக்க இரு வழிகள் பிரதானமானவை. ஒன்று, ஆவணத்துக்கென்று அமையும் 32 எழுத்தெண்கள் கொண்ட அடையாளக் குறி. தரவுத்தளத்தின் பிரதி எங்கிருந்தாலும் அது மாறாது. மற்றொன்று, அகரவரிசைப்படுத்திய பட்டியலில் பெயரைக்கொண்டு தேடுவது. இதில் முழுப்பொருத்தம் வேண்டுமென்று கேளாமல் ‘முனி’ என்று மட்டும் கொடுத்தால், முனியம்மாவோ முனியாண்டியோ, பட்டியலில் முந்தி நிற்பவர் கைக்கு வருவார். ஆகவே, தகப்பனார் பெயரையும் ஒத்துப்பார்த்தே திருத்தத்தில் இறங்குதல் முறை.

மிகுந்த நிதானம் வேண்டுவது சேமிக்கும் கணத்தில்தான். ஈப்போவில் ஒருவரும் கோலா கங்சாரில் ஒருவரும் ஒரே ஆவணத்தை ஒரே வேளையில் திறந்து திருத்தினால், பிந்திச் சேமிப்பவரின் கட்டளையில் வலிந்து எழுதும் அனுமதி இருக்குமாயின், முந்தியவரின் திருத்தம் அழிந்துபடும். அவ்வனுமதியை மறுத்து, முரண்பட்ட திருத்தத்தைக் கிளை ஆவணமாக வைக்கும்படி கேட்டால் இரண்டும் நிலைக்கும். இரண்டையுமே மறுத்தால் சேமிப்பு நடவாது, நிரல் ‘இல்லை’ என்ற விடையைத் தரும்.

சரக்குக் கணக்கில் மேலெழுதுவதால் வரும் நஷ்டம் சிறிது. மனிதரின் பெயரும் பிறந்த ஊரும் தங்கிய பதிவிலோ, பாட்டியின் ஊரை இரு கிளையினர் இருவிதமாகச் சொல்லும்போது, எது மெய்யென்று விசாரித்துத் தீர்மானிக்கும் பொறுப்பு குடும்பத்தாருடையது. அதுவரை இரண்டையும் காப்பதே நிரல் எழுதுபவரின் கடமை.