மிட்வைப் அம்மா வீட்டு விஷயம் ஏன் கேட்கிறார்?

"கிளினிக்குக்குப் போனா பிரஷர் பார்க்கட்டும், நிறை பார்க்கட்டும். புருஷன் குடிப்பாரா, வீட்டில சண்டையான்னு ஏன் கேக்குறாங்க?" என்று நம் தோட்டத்துத் தாய்மார் சிலர் குறைப்படுகிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலைத் தெரிந்துகொள்வோம்.

இரத்தம் குறைந்திருந்தால் பரிசோதனையில் தெரிந்துவிடும். மனப்பாரம் அப்படித் தெரியாது; கேட்டால்தான் தெரியும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தொடர்ந்து அடியும் ஏச்சும் பயமும் இருந்தால் தாய்க்குத் தூக்கம் வராது, சோறு இறங்காது, கிளினிக்கும் தவறிப்போகும். பிள்ளை மாதம் முந்திப் பிறக்கலாம், 2.5 கிலோவுக்குக் குறைந்த நிறையோடும் பிறக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு மனச்சோர்வு வரவும் இடமுண்டு.

அதனால்தான் கேட்கிறார்கள்: கணவர் கை நீட்டுகிறாரா? உதவிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? கடன் தொல்லை உண்டா? முன்பு பிள்ளை தவறியதா? மனநோய்க்கு மருந்து எடுத்ததுண்டா?

10 கேள்விகள் உள்ள ஒரு தாளும் உண்டு. 1987இல் வெளியான இது, கடந்த 7 நாட்களில் மனம் எப்படி இருந்தது என்று கேட்கிறது. இது பரீட்சை அல்ல. புள்ளி கூடினால் பைத்தியம் என்று அர்த்தமும் இல்லை. டாக்டர் மேலும் பேசிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மாமிமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். லயத்தில் ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். நீங்களும் பக்கத்தில் நின்றால் "ஒன்னுமில்லங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் மருமகள் சொல்லுவாள். கிளினிக்கில் அவளைக் கொஞ்ச நேரம் தனியாகப் பேச விடுங்கள்.

தாய்மாரே, தனியாகப் பேச வேண்டும் என்று நீங்களே கேட்கலாம். அடி உதை இருந்தால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்குப் பேசலாம். அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இதற்கென்றே 'நட்பு நிலையம்' இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம். மனக்கஷ்டத்துக்கு 1926. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்; உடனே ஒருவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தகப்பன்மாரே, அந்தக் கேள்விகள் உங்களைக் குற்றம் சொல்ல அல்ல, உங்கள் பிள்ளைக்காகத்தான். அடுத்த கிளினிக் நாளில் நீங்களும் கூடப் போங்கள். அவர் தனியாகப் பேசும்போது வெளியே காத்திருங்கள்.