சிகிச்சை முடிந்த பின்னும் துணை வேண்டும்



மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலோ கண்டியிலோ பதுளையிலோ புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து லயத்துக்குத் திரும்பியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போய்க் குடியேறிய நமது சொந்தக்காரர்களுக்கும் இதே கதைதான். துணுக்காயில் இருப்பவர் மாங்குளத்துக்கு வந்து, ஏ-9 வீதியால் தெல்லிப்பழை வரை போக வேண்டும். ஒரு கிளினிக்குக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

"அதான் சுகமாயிருச்சே, இனி என்ன யோசனை?" என்று வீட்டார் கேட்பார்கள். ஆனால் சுகமானவருக்கு இரவில் நித்திரை வராது. இலேசான வலி வந்தாலும் "திரும்ப வந்திருச்சோ" என்ற பயம். களைப்பு மாதக்கணக்கில் இருக்கும். பயத்தால் கிளினிக்கையே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. அதுதான் ஆபத்து.

இதற்காகப் பல நாடுகளில் தொலைபேசி ஆலோசனை நடக்கிறது. பயிற்சி பெற்ற தாதி ஒருவர் குறித்த நாளில் அழைப்பார். சாப்பாடு, நித்திரை, பயம், வீட்டுப் பிரச்சினை எல்லாம் பொறுமையாகக் கேட்பார். என்ன செய்யலாம் என்று சொல்லி, அடுத்த முறை அதையே மறக்காமல் விசாரிப்பார். இப்படியான 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அறிக்கை ஒன்று 2020இல் வெளியானது. மனச்சோர்வு, பதற்றம், களைப்பு ஆகியவை குறைய இது உதவக்கூடும் என்று அது சொல்கிறது. எல்லா ஆய்வும் ஒரே மாதிரிப் பலன் காட்டவில்லை என்பதும் உண்மை.

நமது நாட்டில் மனம் விட்டுப் பேச இரண்டு இலக்கங்கள் உண்டு. 1926 தேசிய மனநல நிறுவகத்தினுடையது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். 1333 இலவச ஆலோசனைச் சேவை. இரண்டிலும் தமிழில் பேசலாம். இவை புற்றுநோய்க்கு மட்டுமானவை அல்ல. ஆனாலும் பயத்தையும் கவலையையும் தயங்காமல் சொல்லலாம். இது பைத்தியத்துக்கான போன் இல்லீங்க.

போன் வைத்தியர் ஆகாது. புதிய கட்டி, இரத்தம் வடிதல், ஆறாத வாய்ப்புண், விழுங்கக் கஷ்டம், மார்பு ஒபரேஷன் செய்த பக்கத்துக் கை வீக்கம் இருந்தால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். கொழுந்துக் கூடை மறுபடி தூக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இருக்கிறது.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. புற்றுநோய் தொற்றாது. தனித்தட்டு, தனிக்கோப்பை வேண்டாம். வெற்றிலை, பாக்கு, புகையிலையை வீட்டோடு நிறுத்துங்கள். தூரத்தில் இருக்கும் சொந்தக்காரருக்கு வாரம் ஒரு முறை போன் எடுங்கள். "சாப்பிட்டீங்களா, அடுத்த கிளினிக் எப்ப?" என்று கேட்டாலே பெரிய ஆறுதல்.

போன் இல்லாதவர்களும், பேசத் தயங்குபவர்களும் எங்கள் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். நாங்கள் பக்கத்தில் இருந்து அழைத்துத் தருகிறோம். இலக்கங்களை இன்றே கலண்டரில் எழுதி வையுங்கள்.