பாண் சாப்பிட்டால் கெட்ட கனவு வருமா?

புலம்பெயர் நாடுகளில் இருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் இப்போது அடிக்கடி அடிபடும் சொல் 'குளூட்டன்'. கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம் அது. ரொட்டி மா இழுபடுவதற்கும் பாண் பஞ்சுபோலப் பொங்குவதற்கும் அதுவே காரணம். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற எங்கள் சொந்தங்கள் சிலர், இதை விட்டபிறகு வயிறு லேசாகிவிட்டது, நல்ல நித்திரை வருகிறது என்கிறார்கள். இப்போது ஒருபடி மேலே போய், கெட்ட கனவுக்கும் கோதுமை மாதான் காரணம் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

கிளிநொச்சியில் இருக்கும் என் மாமிக்கும் வைபர் வழியாக இந்த ஆலோசனை வந்தது. 2009இற்குப் பிறகு அவர் ஒழுங்காக நித்திரை கொண்டவரில்லை. கனவில் பதுங்குகுழி வரும், செல் கூவும் சத்தம் வரும். "பாணை விட்டால் இதுகள் நிற்குமோ தம்பி?" என்று கேட்டார். அவருக்குச் சொல்வதற்காகத் தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்படிக் கேட்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல.

குளூட்டன் சிலருக்கு உண்மையிலேயே நோய் தரும். சீலியாக் என்பது அந்த நோயின் பெயர். குளூட்டன் உள்ளே போனதும் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி தன்னுடைய சிறுகுடலையே தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் குடல்விரல்கள் தேய்ந்து போகின்றன. வயிற்றோட்டம், மெலிவு, குருதிச்சோகை, பிள்ளைகளென்றால் வளர்ச்சிக் குறைவு என்று அது வெளியே தெரியும். வட இந்தியாவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கும், சோறு கூடுதலாகச் சாப்பிடும் தென்னிந்தியாவில் பத்தாயிரத்துக்கு ஒருவர் அளவிலும் இது இருப்பதாக ஓர் ஆய்வு காட்டியது.

இந்த நோய்க்கும் பாணுக்கும் உள்ள தொடர்பு உறுதியானதில் ஒரு யுத்தத்துக்கும் பங்குண்டு. நெதர்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே யுத்தத்துக்கு முன்பே கோதுமையில் சந்தேகம் கொண்டிருந்தார். 1944–45 குளிர்காலத்தில் அந்த நாட்டைப் பெரும் பட்டினி பிடித்தது. பாண் கிடைக்கவில்லை. ஊரே வாடியபோது, அவரிடம் வந்த சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள். 1950இல் தன் ஆய்வேட்டில் கோதுமையின் பங்கை அவர் விளக்கினார். நிவாரண மாவிலும் பருப்பிலும் மாதக்கணக்காகச் சீவித்த எங்களுக்கு இந்தக் கதை அவ்வளவு அந்நியமாகப் படாது.

சரி, நித்திரைக்கு வருவோம். சீலியாக் உள்ளவர்களின் நித்திரை மற்றவர்களைவிடத் தரம் குறைந்தது என்று ஆய்வுகள் சொல்கின்றன. குளூட்டனை விட்டபிறகும் சிலருக்கு அது முழுதாகச் சீராவதில்லை. வயிற்று நோவும் ஊதலும் ஆளை எழுப்பும். சத்து உறிஞ்சப்படாமல் இரும்புச்சத்துக் குறைந்தால், படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லும் ஓர் உளைவு வரும். மனச்சோர்வும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

கனவு விடயத்தில் ஆதாரம் இன்னும் மெல்லியது. கனவு கூடுதலாக வரும் நித்திரை விடியப்புறமாகத்தான் நீளும். அந்த நேரத்தில் வயிறு எங்களை எழுப்பினால், கண்ட கனவு நினைவில் அப்படியே நிற்கும். கனடாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டு 2025இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கெட்ட கனவோடு தெளிவாகச் சேர்ந்து நின்றது பாலில் உள்ள லக்டோஸ் ஒவ்வாமைதான். வயிற்றுக் கோளாறே இரண்டுக்கும் இடையிலான பாலம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆனால் அது மாணவர்கள் தாங்களே சொன்ன பதில்களை வைத்துச் செய்தது. இதனால்தான் அது என்று நிறுவப்படவில்லை. இருந்தாலும் இரவில் பால்மாத் தேத்தண்ணி குடித்துவிட்டு வயிறு இரைகிறது என்பவர்கள், பாணை விரட்டுமுன் அதை ஒரு கிழமை நிறுத்திப் பார்க்கலாம்.

யுத்தக் கனவு வேறு சாதி. நடந்ததே திரும்பத் திரும்ப வரும். அதே இடம், அதே சத்தம், அதே ஆட்கள். நெஞ்சு படபடக்க, வேர்த்து விறுவிறுத்து எழும்புவோம். பகலிலும் ஒரு ஹெலிச் சத்தம், ஒரு பட்டாசு போதும். இது மனவடுவின் அடையாளம். இதைக் கோதுமை மாவின் தலையில் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. முள்ளிவாய்க்காலைக் கண்டவருக்குப் பாணை விடு என்று சொல்வது, அவர் கண்டதைச் சின்னதாக்கிவிடும். மாமியிடமும் இதைத்தான் சொன்னேன்.

மற்றப் பக்கமும் ஒன்றிருக்கிறது. எங்கள் ஊர்களில் எந்த வருத்தத்தோடு போனாலும் "யோசினை கூட, அதுதான்" என்று அனுப்பிவிடும் பழக்கம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பெண் வருடக்கணக்காக நித்திரையில்லை, களைப்பு என்று திரிந்தார். யுத்தத்தில் பிள்ளையை இழந்தவர் என்பதால் ஒருவரும் இரத்தம் சோதிக்கவில்லை. கடைசியில் பார்த்தபோது கடுமையான குருதிச்சோகை. துக்கம் உள்ளவருக்கும் உடம்பு உண்டு.

வயிற்றோட்டம், மெலிவு, குறையாத குருதிச்சோகை இருந்தால் வைத்தியரிடம் சீலியாக் சோதனை பற்றிக் கேளுங்கள். முதலில் இரத்தத்தில் பிறபொருளெதிரி பார்ப்பார்கள், தேவையென்றால் சிறுகுடலில் சிறு துண்டெடுத்துப் பார்ப்பார்கள். முக்கியமானது, சோதனைக்கு முன் பாணை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும். நோய் உறுதியானால் கோதுமையை ஆயுளுக்கும் விடவேண்டும்; பாண், ரொட்டி மட்டுமல்ல, ரவையும், புட்டுக்குக் கலக்கும் அவித்த மாவும் அதற்குள் அடங்கும். அதற்காகக் கொழும்புக் கடைகளில் விலைகூடிய பக்கற்றுகளைத் தேட வேண்டாம். சோறு, அரிசிமா இடியப்பம், குரக்கன், உளுந்து, ஒடியல் எதிலும் குளூட்டன் இல்லை. அரைக்கும் இடத்தில் கோதுமை மா கலக்காமல் பார்த்தால் சரி.

யுத்தக் கனவென்றால் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். அங்கே கேட்கக்கூடிய முறை ஒன்றுண்டு. பகலில், பயமில்லாத நேரத்தில், கனவின் முடிவை எங்கள் விருப்பப்படி மாற்றி, அந்தப் புதிய கதையை ஒவ்வொரு நாளும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. ஆரம்பத்தில் மிகப் பயங்கரமான கனவை எடுக்காமல், கொஞ்சம் இலேசான ஒன்றிலிருந்து, பக்கத்தில் ஓர் உளவளத்துணையாளர் இருக்கத் தொடங்குவது நல்லது.