காருக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்

எம்பெக் என்பது ஹார்ட் டிஸ்க்கில் பாட்டைச் சேமித்து வைத்துக் காரில் ஒலிக்கச் செய்யும் கருவி. 1998-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கப்பட்ட ஒரு சிறு நிறுவனம், ஹியூகோ ஃபைன்ஸ் முன்னின்று நடத்த, அடுத்த ஆண்டே இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2000-ல் அமெரிக்காவின் சோனிக்புளூ நிறுவனம் அந்த நிறுவனத்தை வாங்கி, கருவியை ‘ரியோ கார்’ என்ற பெயரில் விற்றது. 2001-ல் தயாரிப்பு நின்றது. தயாரித்தவர்கள் கைவிட்ட பிறகும் பல ஆண்டுகள் உழைத்த கருவி இது. திறந்து பார்க்கவும் மாற்றவும் இடம் கொடுத்ததே அதற்குக் காரணம்.

அன்று ஒரு சிடியில் 74 நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். அதே பாட்டை 128 கிலோபிட் எம்பி3 ஆக மாற்றினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் போதும். அப்படியானால் ஒரு ஜிபியில் சுமார் 17 மணி நேரப் பாட்டு. பத்து ஜிபி இருந்தால் ஒரு வாரம் இரவு பகலாகக் கேட்டாலும் தீராது.

ஆனால் ஹார்ட் டிஸ்க்கும் காரும் இயல்பிலேயே ஒத்துப்போகாதவை. வேகமாகச் சுழலும் தட்டின் மேல், கண்ணுக்குத் தெரியாத இடைவெளியில் மிதந்தபடிதான் அதன் தலை தகவலைப் படிக்கிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் தலை தட்டில் உரசிவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் அதிர்வைக் கூடுதலாகத் தாங்கும் 2.5 அங்குல லேப்டாப் டிஸ்க் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. வரப்போகும் பாட்டை மொத்தமாக அள்ளி ரேம் நினைவகத்தில் வைத்துக்கொண்டு டிஸ்க்குக்கு ஓய்வு கொடுக்கும் ஏற்பாடும் இருந்தது. 220 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் செயலியில் லினக்ஸ் இயங்கியது. உண்மையில் டேஷ்போர்டில் உட்கார்ந்திருந்தது ஒரு முழுக் கணினி.

பொருத்தும் வேலை, 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட வழக்கமான ஸ்டீரியோ இடத்தில் ஓர் உலோகக் கூட்டைப் பதிப்பதில் தொடங்கும். ஒயர்கள் எல்லாம் இந்தக் கூட்டின் பின்புறத்தில்தான் சேரும். கருவியைக் கைப்பிடி பிடித்து உருவி வீட்டுக்கு எடுத்துப்போய், கணினியில் இணைத்துப் பாட்டு ஏற்றிவிட்டு மறுபடி செருகிக்கொள்ளலாம். திருட்டுப் பயமும் இல்லை.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகே ஒயரில் கை வைக்க வேண்டும். வெளியில் வாங்கிப் பொருத்தும் ஸ்டீரியோக்களில் வழக்கமாக மஞ்சள் ஒயர் எப்போதும் 12 வோல்ட் தருவது; சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வருவது; கறுப்பு, எர்த். கார் தயாரிப்பாளர்கள் எல்லாரும் இந்த நிறங்களைப் பின்பற்றுவதில்லை. அதனால் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்காமல் எந்த ஒயரையும் இணைக்கக் கூடாது. முகப்பு விளக்கு ஒயரோடும் ஓர் இணைப்பு உண்டு. அதைக் கொடுத்தால் இரவில் திரையின் ஒளி தானாகக் குறையும்.

எம்பெக்குக்குள் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. ஸ்பீக்கரை நேராக இணைத்தால் பாட்டு வராது. தனி ஆம்ப்ளிஃபயர் வைத்தே ஆக வேண்டும். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு ‘ஊய்’ சத்தம் ஸ்பீக்கரில் கேட்டால் பெரும்பாலும் எர்த்தில்தான் குறை. ஸ்டீரியோ ஓரிடத்திலும் ஆம்ப்ளிஃபயர் வேறிடத்திலும் எர்த் எடுப்பதால் வருவது இது. பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் தெரியும் ஒரே இடத்தில் இரண்டையும் இறுக்கினால் சத்தம் அடங்கிவிடும்.

டிஸ்க்கை மாற்றுவதுதான் இதில் நுணுக்கமான வேலை. உள்ளே இரண்டு டிஸ்க் வரை வைக்கலாம். டிஸ்க்கின் ஓரத்தில் இரு வரிசையாக 44 ஊசிகள், சிறு இடைவெளி விட்டு மேலும் நான்கு ஊசிகள் இருக்கும். அந்த நான்கும் எது முதல் டிஸ்க், எது இரண்டாவது என்று குறிக்கும் ஜம்பருக்கானவை. அவசரத்தில் கனெக்டரை அந்தப் பக்கம் தள்ளிச் செருகினால் ஐந்து வோல்ட் போகக் கூடாத ஊசிக்குப் போய் டிஸ்க் கருகிவிடும். இடைவெளியைக் கண்ணால் பார்த்த பிறகே அழுத்த வேண்டும். பட்டை ஒயர் உலோக விளிம்பில் உரசாதபடி மடிப்பதும் முக்கியம். பிறகு சீரியல் போர்ட் வழியே கணினியிலிருந்து மென்பொருளை அனுப்பினால் அது வெற்று டிஸ்க்கைப் பிரித்துத் தயார்செய்யும்.

பாட்டை இயக்கும் நிரலின் மூலத்தை நிறுவனம் வெளியிடவில்லை. ஆனால் லினக்ஸின் மையமான கெர்னலின் மூல நிரலைத் தர அதன் உரிமம் கட்டாயப்படுத்தியது. லினக்ஸில் டிஸ்க்குகளுக்கான ‘எச்டிபார்ம்’ கருவியை எழுதிய கனடாக்காரர் மார்க் லார்ட் அதை எடுத்து ‘ஹைஜாக்’ என்ற மாற்றுக் கெர்னலை உருவாக்கினார். அசல் நிரலைத் தொடாமலே புதிய மெனுக்களும், ஈதர்நெட் வழியே கோப்புகளை நேராக அனுப்பும் வசதியும் அதனால் கிடைத்தன. உரிமத்தின் ஒரு விதி ஒரு பொருளின் ஆயுளை இவ்வளவு நீட்டியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இப்போது எம்பெக் வைத்திருப்பவருக்குச் சுழலும் டிஸ்க் தேவையில்லை. கேமராக்களில் பயன்பட்ட காம்பாக்ட்ஃபிளாஷ் கார்டு, அந்த லேப்டாப் டிஸ்க் பேசும் அதே ஐடிஇ மொழியைப் பேசும். சிறு அடாப்டர் ஒன்று போதும். குலுக்கலால் அதற்குக் கெடுதி இல்லை, சூடும் குறைவு. பாட்டு முழுவதும் புதிய கார்டுக்கு வந்து, ஒருமுறையாவது காரில் ஒலித்த பிறகே பழைய டிஸ்க்கை அழியுங்கள்.